இஸ்லாத்துக்கு வந்த பெண்ணுக்குத் தொழக் கற்றுத் தருவது யார்? (நெல்லைப் பக்கத்து அனுபவம்)

பொருநைக்காரி:

நான் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். வேலை பாளையங்கோட்டையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். கலிமா (இஸ்லாத்தில் சேரும் உறுதிமொழி) சொல்லி ஒரு ரமலானும் கழிந்துவிட்டது. கல்யாணத்துக்காக மாறவில்லை, யாரும் மாற்றவும் இல்லை. இரவு டூட்டியில் கைப்பேசியில் குர்ஆன் தமிழாக்கம் வாசிக்க ஆரம்பித்தேன், விட முடியவில்லை. ஏன் மாறினேன் என்ற கதை இவ்வளவுதான். நான் பேச வந்தது அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி.

கலிமா சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆலிம் (மார்க்க அறிஞர்) சொல்லச் சொல்ல, சாட்சிகள் முன்னால் திருப்பிச் சொன்னேன். குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். கையில் சான்றிதழ், பை நிறையப் புத்தகம், கறுப்பு புர்கா ஒன்று. எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கும்மா" என்றார்கள்.

புத்தகத்தில் படம் இருந்தது. படத்தில் இருந்தவர் தாடி வைத்த ஆண். கையை நெஞ்சில் கட்டு என்றது ஒன்று, தொப்புளுக்குக் கீழே கட்டு என்றது இன்னொன்று. பெண் எப்படி உட்கார வேண்டும் என்பதற்குக் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷி, ஆனால் "அது தானா வருமே" என்கிறார். அவருக்கு நாலு வயதில் உம்மா மடியில் வந்தது. எனக்கு எங்கிருந்து வரும்?

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பெண்கள் தொழும்போது சத்தம் வெளியே கேட்காது, உதடு மட்டும் அசையும். குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை நான் கொலை செய்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஆணாக இருந்தால் ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) நின்று இமாம் ஓதுவதைத் தினமும் கேட்டே பாதி பழகியிருப்பேன். எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் கிடையாது.

பெயர் மாற்றியாச்சா, புர்கா போடுகிறாயா, மாப்பிள்ளை பார்க்கலாமா, இதெல்லாம் என்னிடம் எல்லோரும் கேட்டார்கள். "அல்ஹம்து சூரா சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. என் மாதிரி வந்தவர்கள் இங்கே இருந்தால் எப்படிக் கற்றீர்கள் என்று சொல்லுங்கள்.

கடையநல்லூரான்:

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒட்டுமொத்தமாகக் குறை சொல்லாதீர்கள். மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி, புளியங்குடி என்று எங்கே போனாலும் பெண்களுக்கென்று மதரஸா இருக்கிறது. கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். ஐந்து கலிமாவையும் முதலில் மனப்பாடம் செய்யுங்கள், மற்றது தானாக வரும்.

பொருநைக்காரி:

வ அலைக்கும் ஸலாம் அண்ணன். மதரஸா இருக்கிறது, போனேன். காலை பத்திலிருந்து மதியம் வரை வகுப்பு, அந்த நேரம் நான் ஊசியும் கையுமாக நிற்பேன். மாலை வகுப்பு சின்னப் பிள்ளைகளுக்கு. அதிலும் உட்கார்ந்தேன். அலிஃப், பா, தா என்று பிள்ளைகள் பாட்டாகப் பாடுவார்கள், நானும் பாடினேன். ஒரு வாண்டு என் பக்கம் திரும்பி, "நீங்க பெயிலாயிட்டீங்களா?" என்று கேட்டது. அது பரவாயில்லை. ஆனால் எழுத்துக்கூட்டி ஓத வரும்வரை தொழாமல் இருக்க முடியாதே. அன்றைக்கு ராத்திரி இஷாத் தொழுகைக்கு என்ன செய்வது? என் கேள்வி அதுதான்.

ஆலிமா, ஏர்வாடி:

தங்கச்சி, இதை முதல் நாளே உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அல்ஹம்து சூரா மனதில் ஏறும்வரை அந்த இடத்தில் சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், லாயிலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர் என்று சொல்லிக்கொண்டு தொழலாம். குர்ஆனில் எதுவும் மனனம் செய்ய வரவில்லை என்று வந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் இப்படிச் சொல்லிக் கொடுத்தது அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் வருகிறது. அதற்காகக் கற்பதை விட்டுவிடக் கூடாது. ஆனால் ஓத வராத நாளிலும் தொழுகைக்கு வழி இருக்கிறது.

ஐந்து கலிமா கட்டாயம் இல்லை. அது நம் மதரஸாப் பாடத்தில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் வரிசை. இஸ்லாத்துக்குள் வர, நீங்கள் சொன்ன ஷஹாதா என்ற உறுதிமொழி ஒன்று போதும். அதன்பிறகு வரிசை இப்படி இருக்கட்டும்: ஒளு (தொழுமுன் கை, முகம், கால் கழுவுவது), அல்ஹம்து சூரா, குல்ஹுவல்லாஹு சூரா, குனியும் ருகூவிலும் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவிலும் சொல்வது, கடைசியாக உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத். அத்தஹிய்யாத்தான் நீளம். அவசரப்பட வேண்டாம்.

கடையநல்லூர் காக்கா (அண்ணன்) கோபித்துக்கொள்ளக் கூடாது. வந்தவருக்கு முதலில் கையில் கொடுக்க வேண்டியது தொழுகை. புர்காவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எந்த மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி), ஹனஃபியா ஷாஃபியா? ரத்தம் எடுக்கும் வேலை என்றீர்களே, அதனால் கேட்கிறேன்.

பொருநைக்காரி:

அதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்றிருந்தேன். கலிமா சொல்லிக் கொடுத்தவர் ஹனஃபி. என்னோடு வேலை பார்க்கும் காயல்பட்டினத்துப் பெண் ஷாஃபி. ஆண் நோயாளியின் கையைத் தொட்டால் ஒளு முறியும் என்கிறாள் அவள். ஒரு காலை டூட்டியில் எத்தனை கையைத் தொடுகிறேன்! மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்க் கழுவ முடியுமா?

ஆலிமா, ஏர்வாடி:

ஷாஃபி மத்ஹபில், மணம் முடிக்கத் தடையில்லாத எதிர்பாலர் தோலோடு தோல் பட்டால் ஒளு முறியும். நீங்கள் கையுறை போட்டுத்தானே எடுக்கிறீர்கள்? நடுவில் உறை இருந்தால் முறியாது. ஹனஃபியில் தொடுவதால் முறிவதே இல்லை. அதில் பார்க்க வேண்டியது வேறு: உங்கள் உடம்பிலிருந்து ரத்தம் வழிந்தால் முறியும், நோயாளிக்கு வழிந்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை. கோட்டில் ரத்தக் கறை பட்டிருந்தால் அதைக் கழுவிவிட்டோ கழற்றிவிட்டோ தொழுங்கள். ஒரு மத்ஹபைப் பிடித்துக்கொண்டு அதன்படியே முழுசாகக் கற்றுக்கொள்வது புதிதாக வந்தவருக்கு லேசு.

தூய வழி:

மத்ஹப் எல்லாம் பிற்காலத்தில் வந்தது. நபிவழியில் நெஞ்சில்தான் கை கட்ட வேண்டும். பெண்ணுக்குத் தனி உட்காரும் முறை என்பதற்கு ஆதாரம் இல்லை. அத்தஹிய்யாத்தில் விரலை அசைக்க வேண்டும். சகோதரி எங்கள் பள்ளிக்கு வாருங்கள், பெண்களுக்குத் தனி இடம் உண்டு.

கடையநல்லூரான்:

ஆரம்பித்துவிட்டார் ஐயா! ஆயிரம் வருஷமாக ஆலிம்கள் சொன்னதெல்லாம் தப்பு, இவர் நேற்று வீடியோவில் பார்த்தது சரி. ரமலான் இரவில் தொழும் இருபது ரக்அத் தராவீஹை எட்டாக்கியவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

தூய வழி:

எட்டுக்கு ஆதாரம் புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. இருபதுக்கு எங்கே இருக்கிறது?

நெறியாளர்:

தராவீஹ் எட்டா இருபதா என்பதற்கு இங்கே ஏற்கெனவே மூன்று இழைகள் உள்ளன, மூன்றும் பூட்டப்பட்டவை. நான்காவது வேண்டாம்.

பொருநைக்காரி:

நெறியாளருக்கு நன்றி. தூய வழி சகோதரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கிறேன். பெண்கள் பகுதியில் ஒலிபெருக்கி வழியே இமாம் ஓதுவதைக் கேட்டுப் பின்னால் தொழுதது பெரிய உதவி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் தொழுது முடித்ததும் ஒரு சகோதரி வந்து, நான் கை கட்டிய இடம் தவறு என்றார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வேறொரு வீட்டில், நெஞ்சில் கட்டியது தவறு என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் கையைத்தான் பார்த்தார்கள். நான் ஓதியது என்ன என்று கேட்க ஆளில்லை.

சிவந்திப்பட்டி அண்ணாச்சி:

நான் முஸ்லிம் இல்லை. எங்கள் தங்கை மகள் ஒருத்தி இப்படிப் போய்விட்டாள், அதனால்தான் இந்த இழையைப் படிக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. எந்தக் கையை எங்கே கட்டுவது என்று இவ்வளவு பேசுகிறீர்களே, உன்னைப் பெற்றவளைப் பற்றி ஒரு வரி இல்லையே? ஊரில் கோயில் கொடை வரும்போது அவள் யாரைக் கூப்பிடுவாள்? பொட்டில்லாத நெற்றியோடு மகள் வந்து நின்றால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்?

பொருநைக்காரி:

கேட்டதில் தப்பில்லை அண்ணாச்சி. அம்மாவுக்கு முதல் சண்டையே பொட்டில்தான் வந்தது. சாமியை விட்டதைக்கூட அவ்வளவு பேசவில்லை. "நெத்தி மொழுக்குன்னு இருக்கு, தாலி அறுத்தவ மாதிரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமா இன்றுவரை பேசுவதில்லை.

கொடைக்கு நிற்பதில்லை. அதற்கு முந்தின வாரமே போய் வீட்டை ஒட்டடை அடித்து, பாத்திரம் எல்லாம் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். சுடலைக்கு வெட்டிய கிடாக் கறியை நான் சாப்பிட மாட்டேன் என்பது அம்மாவுக்குத் தெரியும், வைக்க மாட்டாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. மாதாமாதம் பணம் அனுப்புவது முன்னைப் போலவே. பெற்றோர் சிலை வணங்கச் சொன்னால் கேட்காதே, ஆனால் உலக விஷயத்தில் அவர்களோடு நல்ல விதமாக நடந்துகொள் என்று குர்ஆனின் லுக்மான் அத்தியாயத்தில் இருக்கிறது. மாறியதும் வீட்டை விட்டுவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு. நான் அந்த வசனத்தைத்தான் காட்டினேன்.

ஆலிமா, ஏர்வாடி:

நபித்தோழி அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் இஸ்லாத்துக்கு வராதவர். அவர் மகளைப் பார்க்க வந்தபோது, உறவைச் சேர்த்து நடந்துகொள் என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள். வீட்டை விடச் சொல்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

பழைய குற்றாலம்:

தென்காசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் மாறியது எல்லோருக்கும் தெரியும். டெல்லியிலிருந்தெல்லாம் தலைவர்கள் வந்தார்கள், பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. சாதிக் கொடுமை, வெளிநாட்டுப் பணம், அரசியல் என்று எல்லாமும் பேசினார்கள். அங்கிருந்த பெண்கள் எப்படித் தொழக் கற்றார்கள் என்று எழுதியவர்கள் குறைவு.

எங்களுக்கு அங்கே சொந்தம் உண்டு. எங்கள் பெரியம்மா சொல்வார்: "தெருவே சேர்ந்து மாறினோம், அதனால தப்பாத் தொழுதாலும் எல்லாரும் ஒண்ணாத் தப்பாத் தொழுதோம், வெக்கமா இல்ல." ஒருத்திக்கு ஒளு தெரிந்தால் பத்து பேருக்குத் தெரிந்துவிடும். பொருநைக்காரி தங்கச்சி தனியாக வந்தவர். அந்தப் பெரியம்மாவுக்கு இருந்த தெரு இவருக்கு இல்லை.

அப்புறம் ஒன்று, சகோதரி. எஸ்.சி. சான்றிதழ் உள்ளவர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் அதில் பட்டது கொஞ்சமில்லை.

கோர்ட் ரோடு:

அதைப் பற்றி நான் சொல்கிறேன், வழக்கறிஞர். எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினர். இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ மாறினால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மாறி வந்தவரை அதில் சேர்ப்பதா என்பதில் நெடுங்காலம் இழுபறி. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர், ஆதிதிராவிடர் பிரிவுகளிலிருந்து இஸ்லாத்துக்கு மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாகக் கருதலாம் என்று 2024 மார்ச்சில் அரசாணை வந்தது. தாலுகா அலுவலகத்துக்குப் போகும்போது அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றுவதானால் அரசிதழில் வெளியிட வேண்டும், மதமாற்றச் சான்றிதழ் இணைக்க வேண்டும். மாற்றாமல் இருந்தாலும் சட்டப்படி ஒன்றுமில்லை.

அப்பா சொத்து: மாறியதால் உங்கள் பங்கு போகாது. 1850 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைக் காப்பாற்றி வந்தது; அது பின்னர் நீக்கப்பட்டுவிட்டது என்றாலும், இந்து வாரிசுரிமைச் சட்டம் மாறியவரை விலக்கவில்லை. ஆனால் மாறிய பிறகு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் இந்துக்களாக இல்லாவிட்டால், உங்கள் இந்து உறவினர் சொத்தில் அவர்களுக்கு வாரிசுரிமை இல்லை. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 26. அந்தப் பங்கை வாங்கலாமா என்று மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

பலரும் கவனிக்காத ஒன்று: உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், நீங்கள் சம்பாதித்து வாங்கிய சொத்து உங்கள் இந்துத் தாயாருக்குத் தானாகப் போகாது. மூன்றில் ஒரு பங்கு வரை அவருக்கு வஸிய்யத் (உயில்) எழுதி வைக்கலாம். இப்போதே எழுதுங்கள்.

சிவந்திப்பட்டி அண்ணாச்சி:

வக்கீல் சார் சொன்ன கடைசி விஷயத்தை எங்கள் தங்கை மகளுக்கும் அனுப்பிவிட்டேன்.

பொருநைக்காரி:

எனக்கும் இது தெரியாது. நன்றி சார்.

நடுவில் சில நாள் இந்தப் பக்கம் வரவில்லை, காரணம் சொல்கிறேன். எனக்கு ஓதிக் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டார். என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணின் பெரியம்மா, மேலப்பாளையம். ஓதிக் கொடுப்பது அவர் தொழில் இல்லை. பீடி சுற்றுகிறார். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், அரபி எழுத்து தண்ணீர்பட்ட பாடு. சின்ன வயதில் அறபுத்தமிழில் (அரபி எழுத்தில் எழுதிய தமிழில்) மாலைப் பாட்டெல்லாம் படித்தவராம்.

மடியில் சொளவு. அதில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். நான் எதிரே உட்கார்ந்து சத்தமாக ஓத வேண்டும். அவர் கை தன் பாட்டுக்கு இலையில் தூளைப் பரப்பும், உருட்டும், முனையை மடக்கும், நூலைச் சுற்றும். பார்வைகூட என் மேல் இருக்காது. நான் தப்பாகச் சொன்னால் கை நின்றுவிடும். அவ்வளவுதான். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். நான் ஆயத்தின் தலையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். ஐன் என்ற எழுத்து தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும். அது வராமல் எத்தனையோ பீடி பாதியில் நின்றிருக்கிறது. பீடிக்குத்தான் கூலி, என்னால் அவருக்கு நஷ்டம். காசு கொடுக்கப் பார்த்தேன், "ஓதிக் குடுக்கக் காசு வாங்குனா எங்க உம்மா கபுருல எழுந்து உக்காந்துரும்" என்றார்.

உட்காருவதையும் அவர்தான் சரி செய்தார். ஹனஃபி வழிப்படி, இரண்டு காலையும் வலப்பக்கம் விட்டு, இடது இடுப்பு தரையில் படிய உட்கார வேண்டும். நான் முழங்காலில் பாரம் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தேன். வந்து என் இடுப்பைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். படத்தைப் பார்த்துப் பார்த்துப் பல மாதமாக வராத விஷயம்!

மாதவிடாய் நாளில் தொழ வேண்டாம், விட்ட தொழுகையைத் திரும்பத் தொழவும் வேண்டாம், ஆனால் விட்ட நோன்பைப் பிறகு களா செய்ய (ஈடாக நோற்க) வேண்டும் என்பதும் அவர் வீட்டில்தான் விளங்கியது. அப்படி ஒரு நாள் நான் ஓரமாகத் திண்ணையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. "அங்க என்னட்டி செய்ற? வந்து கஞ்சிக்குப் பூண்டு உரி" என்று உள்ளே கூப்பிட்டார்.

சிவந்திப்பட்டி அண்ணாச்சி:

இப்போது எங்கள் பக்கமும் யாரும் ஒதுக்கி வைப்பதில்லை அம்மா. அந்தக் காலம் போய்விட்டது.

பொருநைக்காரி:

உங்கள் வீட்டில் போயிருக்கலாம் அண்ணாச்சி. எங்கள் ஆச்சி இருக்கும்வரை எங்கள் வீட்டில் போகவில்லை.

மதினி, பேட்டை:

மாப்பிள்ளை பேச்சைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. நான் வந்த புதிதில் என்னைக் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாம் தாரமாகக் கேட்டவர்கள். "உனக்கு ஒரு பாதுகாப்பு" என்பார்கள். எனக்கு வேலை இருந்தது, வீட்டுக்கு நல்ல பூட்டும் இருந்தது. ரமலானில் ஒருவர் ஜகாத் (கட்டாய தானம்) கவரை நீட்டினார். உள்ளம் இணக்கமாக்கப்பட வேண்டியவர்கள் என்று ஜகாத் வாங்கத் தகுதியுள்ள எட்டு வகையில் ஒரு வகை உண்டு, அதில் என்னைப் போட்டிருக்கிறார். நல்ல எண்ணம்தான். நான் அந்த வருஷம் ஜகாத் கொடுக்க வேண்டியவள் என்பது அவருக்குத் தெரியாது.

பிற்பாடு எனக்குப் பிடித்த ஒருவரை நானே முடித்தேன். தகப்பனார் முஸ்லிம் இல்லை என்பதால் வலியாக (திருமணத்தில் பெண்ணின் பொறுப்பாளராக) நிற்க முடியாது, காஜி நின்றார். மஹரை (மாப்பிள்ளை தர வேண்டிய மணக்கொடையை) என் கையில் கேட்டு வாங்கினேன். கல்யாணத்துக்கு அவசரப்பட வேண்டாம் தங்கச்சி.

ஒரு காரியம் மட்டும் உடனே செய்யுங்கள். ஏதாவது ஒரு பள்ளிவாசல் ஜமாஅத்தில் உங்கள் பெயரில் சந்தா போடுங்கள். தனிப் பெண்ணுக்குப் போடும் வழக்கம் இல்லை என்பார்கள். விடாதீர்கள். நாளைக்கு மையவாடியில் (அடக்கம் செய்யும் இடத்தில்) இடம் கேட்கும்போது இவர் எந்த ஜமாஅத் என்ற கேள்வி வரும்.

கடையநல்லூரான்:

இது உண்மை. எங்கள் ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசுகிறேன். முதலில் நான் கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன், மாலை நேரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வகுப்பு வைப்பது பற்றியும் கேட்கிறேன்.

சங்கரன்கோவில் புதியவள்:

எல்லோருக்கும் ஸலாம். நான் போன வாரம்தான் கலிமா சொன்னேன். வீட்டில் இன்னும் தெரியாது. விடுதியில் இருக்கிறேன், அறையில் மூன்று பேர். ஒளு செய்யவே பயமாக இருக்கிறது, தலைத் துணியை எடுத்துத் தலை முழுக்க நனைக்க வேண்டுமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

பொருநைக்காரி:

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. முழுக்க நனைக்க வேண்டாம். கையை ஈரமாக்கித் தலையைத் தடவினால் போதும். ஹனஃபியில் தலையில் கால் பங்கு பட வேண்டும், ஷாஃபியில் கொஞ்சம் முடி பட்டாலே கூடிவிடும். முகம், முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால், இவை மட்டும் நன்றாக நனைய வேண்டும். நகப்பூச்சு இருந்தால் எடுத்துவிடு, தண்ணீர் நகத்தில் படாது.

ஓத வராததற்கு ஏர்வாடி ஆலிமா மேலே எழுதியதைப் படி. இன்றைக்கு இஷாவையே அப்படித் தொழலாம். வீட்டில் எப்போது சொல்வது என்பதில் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதே. உன் ஊர்ப் பக்கம் ஓதிக் கொடுக்க யாராவது ராத்தா இருக்கிறாரா என்று விசாரிக்கிறேன். அதுவரை இரவு ஒன்பதுக்கு மேல் எனக்குப் போன் பண்ணி அல்ஹம்து சூராவைச் சத்தமாகச் சொல்லு, நான் கேட்கிறேன். எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.